சிட்னிக்குப் போனவர் கையில் என்ன இருந்தது?

வெளிநாட்டு ஆபீஸ் என்றதும் நம்ம மென்பொருள் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது விசா, ஆன்சைட் அலவன்ஸ், குளிருக்கு வாங்கிய ஜாக்கெட். மூணையும் நானும் பார்த்தவன்தான். அதனாலோ என்னவோ, பீட்டர் ரைஸ் எழுதிய 'ஆன் எஞ்சினியர் இமேஜின்ஸ்' நூலை இரண்டாவது முறை எடுத்தபோது கட்டிடங்களை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைத் தேடிப் படித்தேன். ஒரு லண்டன் நிறுவனம் ஓர் இளம் பொறியாளரைப் பூமியின் மறுபக்கத்துக்கு அனுப்பியது. அவரோடு கூட எதை அனுப்பியது?

கொஞ்சம் பின்னணி. ரைஸ் 1935-ல் பிறந்து, அயர்லாந்தின் டண்டாக்கில் வளர்ந்தவர். 1956-ல் ஓவ் அரூப் நிறுவனத்தில் சேர்ந்தார். கட்டமைப்புப் பொறியியல், நகரத் திட்டமிடல் என்று இன்று உலகம் முழுக்க ஆபீஸ் வைத்திருக்கும் அதே அரூப்தான். நிறுவனர் ஓவ் அரூப், டேனிஷ் தந்தைக்கும் நார்வே தாய்க்கும் இங்கிலாந்தில் பிறந்தவர். கோபன்ஹேகனில் முதலில் தத்துவம் படித்துவிட்டு அப்புறம் பொறியியலுக்கு வந்தவர். 1946-ல் லண்டனில் தன் ஆலோசனை அலுவலகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டே டப்ளினிலும் ஓர் அலுவலகம் வந்துவிட்டது. 1954-ல் ஜோகனஸ்பர்க், 1963-ல் சிட்னி. சிட்னிக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும்: ஓப்ரா ஹவுஸ்.

ஜோர்ன் உட்சன் 1957-ல் போட்டியில் வென்ற வரைபடத்தில் அந்த ஓடுகளுக்கு முறையான வடிவக் கணிதம் கிடையாது. 1961-ல்தான், எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டி எடுக்கலாம் என்ற தீர்வு வந்தது. கோளத்தின் ஆரம் சுமார் 75 மீட்டர். வளைவு ஒன்றாகிவிட்டால் துண்டுகளை அச்சில் வார்க்கலாம். துண்டு துண்டாக ஏற்றி, எபாக்சி பசை வைத்து ஒட்டி, உள்ளே கம்பிகளை இழுத்து இறுக்கலாம். ஆனால் அந்தரத்தில் நிற்கும் ஒவ்வொரு துண்டும் சரியான இடத்தில் நிற்கிறதா என்று யார் சொல்வது?

அங்கேதான் ரைஸ் வருகிறார். தளப் பொறியாளரின் உதவியாளராகப் போனவர். மூத்தவர் உடல்நலமில்லாமல் விலக, 28 வயதில் அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு துண்டிலும் அளவைப் புள்ளிகள் வைத்து, அளந்ததைக் கணினிக்குக் கொடுத்து, எவ்வளவு விலகல், அடுத்த துண்டில் எவ்வளவு திருத்தம் என்று கணக்கிட்டார்கள். 1960-களில் இது. நம்ம பாஷையில் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைத் தினமும் அளந்து திருத்தும் வேலை. பிழை வந்தால் ரோல்பேக் மட்டும் கிடையாது, கான்கிரீட்!

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் கதையை நினைத்துக்கொண்டேன். பல வருஷம் முன்பு ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளர் ஆபீஸில் எட்டு மாதம் இருந்தேன். அறிக்கை ஒன்றில் தேதி தப்பாக வந்தது. காரணம் தெரியும், திருத்தம் இரண்டு வரி. அதற்கு அனுமதி வாங்க ஒன்பது நாள், நாலு நள்ளிரவு கால். பக்கத்து மேஜைப் பெண்மணி ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார், "நீங்க இங்கே எதுக்கு இருக்கீங்க?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ரைஸிடம் பதில் இருந்தது. ஏன் என்று யோசித்தால் எனக்கு இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, அந்தப் பதவி. பிரிட்டிஷ் ஒப்பந்த மரபில் தளப் பொறியாளர் என்பவர் ஆலோசகரின் பிரதிநிதியாக அங்கே நிற்பவர். ஒப்பந்ததாரர் செய்ததைப் பார்த்து "சரி", "திரும்பச் செய்" என்று சொல்ல வேண்டியவர். இரண்டு, தொலைவு. லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே கடிதமும் தந்தியும் செலவு பிடித்த தொலைபேசியும்தான். கிரேனில் துண்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது லண்டன் விழிக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. தொலைவு நம்பிக்கையைக் கட்டாயமாக்கியது. இன்றைக்கு வீடியோ கால் வந்தபிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. எல்லாவற்றையும் கேட்கலாம் என்பதால் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதாகிவிட்டது. இது நூலில் இல்லை, என் கணிப்பு.

மூன்றாவதாக ஒரு காரணம் சொல்லலாம்: நிறுவனத்தின் குணம். 1970 ஜூலை 9 அன்று வின்செஸ்டரில், தன் 75-வது வயதில், பல நாட்டு அரூப் பங்குதாரர்கள் முன் ஓவ் அரூப் பேசிய 'கீ ஸ்பீச்' பிரசித்தம். வேலைத் தரம், கலைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த முழுமையான கட்டிடக்கலை, மனிதத்தன்மையுள்ள அமைப்பு, நேர்மை, சமூகப் பயன், உறுப்பினர்களுக்கு நியாயமான வளம் என்று ஆறு குறிக்கோள்கள். இன்றும் புதிதாகச் சேர்பவர்களுக்கு வாசிக்கத் தருகிறார்கள். நம்ம ஆபீஸ் சுவர்களில் தொங்கும் விழுமியப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. இந்தக் குறிக்கோள்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதை மறைக்காமல் பேசுகிறார். ஆனால் பேச்சு வந்தது 1970-ல், ரைஸ் சிட்னிக்குப் போனது அதற்கும் முன்னால். பழக்கம் முதலில் வந்து, பேச்சு பிறகு வந்திருக்கிறது. விழுமிய அறிக்கை எழுத உட்காரும் மேலாளர்கள் இந்த வரிசையைக் கவனிக்கலாம்.

இனி குறைகள். 1966-ல் மாநில அரசோடு முரண்பட்டு உட்சன் விலகினார். அரூப் நிறுவனம் வேலையைத் தொடர்ந்தது. கட்டிடம் 1973-ல் திறக்கப்பட்டபோது உட்சன் அங்கே இல்லை. அனுப்பப்பட்ட பொறியாளர் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? கட்டிடக் கலைஞருக்கா, பணம் தரும் அரசுக்கா, கட்டிடத்துக்கா? வெளிநாட்டு ஆபீஸின் மிகக் கடினமான கேள்வி இதுதான். ரைஸுக்கு உட்சன் மேல் பெரிய மதிப்பு என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் அந்த விரிசலுக்குள் இறங்கிப் பார்க்க விரும்புபவருக்கு இந்த நூல் போதாது. நோயுற்ற காலத்தில் எழுதியது, அவர் 1992-ல் இறந்தபின் 1994-ல் வெளிவந்தது என்பதை மனதில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

பாரிஸ் பகுதி வேறு மாதிரி. பொம்பிடூ மையத்தின் முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜெர்பரெட் என்ற வார்ப்பு எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் பத்து டன். ஜெர்மனியில் வார்த்தார்கள். முதல் வார்ப்புகள் சோதனையில் தோற்றன. பொறியாளர்கள் கேட்ட தரநெறி ஒன்று, ஆலைக்குப் பழகிய தரநெறி இன்னொன்று. மறுபடி வெப்பப் பதனம் செய்துதான் மீட்டார்கள். லண்டன் தலைமையகம், பாரிஸ் தளம், ஜெர்மன் ஆலை. மூன்று இடத்திலும் 'தரம்' என்ற சொல் இருந்தது, பொருள் வேறு. இதை ரைஸ் பழிபோடாமல் சொல்கிறார். வேலை அனுபவ நூல்களில் இது அபூர்வம்.

கட்டிடம் திறந்தபின் ஒரு முதிய பெண்மணி அமர்ந்து ஒரு ஜெர்பரெட்டைக் கையால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதுகிறார். செய்தவரின் கைத்தடம் பொருளில் தெரிந்தால் பார்ப்பவர் பயப்படமாட்டார் என்பது அவர் வாதம். எனக்கு இதில் பாதி சம்மதம். கைத்தடம் தெரிய, முதலில் அந்தக் கைக்குத் தீர்மானிக்கும் உரிமை வேண்டுமே? சிட்னியில் அவருக்கு அது இருந்தது. அந்த உரிமை எப்படி வந்தது என்பதை இந்த நூல் ஆராய்வதில்லை. கிடைத்தவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை போலும்.

இருந்தாலும் படியுங்கள். நேரமில்லை என்றால் சிட்னி, பொம்பிடூ இரண்டு அத்தியாயமாவது.

கடைசியாக ஒன்று. போன மாதம் எங்கள் டீமிலிருந்து ஒருவர் வெளிநாட்டு ஆபீஸுக்குப் போனார். எங்களைக் கேட்காமல் அவரே என்னென்ன முடிவெடுக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். பாதியை அடித்துவிட்டார். மீதம் நாலு வரி. அதைத்தான் அவங்க கையில் கொடுத்து அனுப்பினேன்.