கழிப்பதும் காப்பதும்

நூலில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வர். ஆண்டுக்கொரு நாள் அடுக்கி வைத்து மலர் தூவி வணங்குவர். படிக்க மட்டும் மாட்டார்கள்! இத்தகையோர் நிறைந்த நாட்டில், நூலகத்திலிருந்து நூலை நீக்கலாமா என்று கேட்டால், 'ஐயோ, பாவம்!' என்ற கூச்சல் எழுவதில் வியப்பில்லை.

பகுத்தறிவாளருக்கு அந்தப் பதற்றம் வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இறுதி விதியாக, நூலகத்தை வளரும் உயிராகக் கொண்டார். உயிரென்றால் உண்பதோடு கழிக்கவும் வேண்டுமன்றோ? எங்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் இளைஞன் கையில், 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளை விளக்கும் நூலைத் தருவதா? 2010இல் புதிய விதிகள் வந்துவிட்டனவே! புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து வானியலார் 2006இல் நீக்கினர். இன்னும் ஒன்பது காட்டும் நூல் மாணவர் அலமாரியில் எதற்கு? ஒன்பதுதான் வேண்டுமென்போர்க்கு நவக்கிரகம் இருக்கவே இருக்கிறது!

ஆனால், கழிப்பது எந்த அளவுகோல் கொண்டு? இங்கேதான் என் வழக்கு. அச்சான ஆண்டைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, எத்தனை பேர் இரவல் பெற்றனர் என எண்ணிப் பார்த்து, கட்டுக்கட்டாக எடைக்குப் போடுவது தேர்வாகாது. 1996ஆம் ஆண்டு நிலப்படத்தில் திருவள்ளூர் மாவட்டமே இராது. 1997இல்தான் அது பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. பள்ளிச் சிறுவனுக்கு அப்படம் பிழை. வட்டார வரலாறு எழுத முனையும் ஆராய்ச்சி மாணவனுக்கோ அதுவே சான்று! பள்ளி நூலகம் அதைக் கழிக்கட்டும். பல்கலைக்கழக நூலகமோ, வேறிடத்தில் ஒரு படி உண்டென்று உறுதி செய்யாமல் கழிக்கலாகாது.

'சேதமுற்றது' என்ற காரணமும் அவ்வளவு நடுநிலையானதன்று. படிகாரம் சேர்த்த மலிவு மரக்கூழ்த் தாள், அமிலத்தால் பழுத்து, தொட்டால் நொறுங்கும். அத்தகைய தாளில் அச்சிட்டவர் யார்? ஏழைக்கும் எட்டும் விலையில் கருத்தைக் கொடுக்க முனைந்தவர்கள்! கெட்டி அட்டை போட்ட புராணம் பிழைத்துக்கொள்கிறது. சீர்திருத்தத் துண்டு வெளியீடு முதலில் குப்பைக்குப் போகிறது.

பிறர் பொருட்படுத்தாத அச்சுத்தாள்களைக்கூடத் தேடிச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர், பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர்! 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பை 1994இல் விலைகொடுத்து வாங்கியது சிகாகோப் பல்கலைக்கழகம். நல்ல வேளை, நூல்கள் கப்பலேறவில்லை, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயின, நுண்படமும் எடுத்தனர். தமிழ் நூலைக் காக்கச் சிகாகோ வரவேண்டியிருந்தது என்பதை நம் பல்கலைக்கழகங்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நீக்கும் நூல்களின் பட்டியலை ஒரு திங்கள் முன்னதாக வெளியிடட்டும். துறை ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடட்டும். நொறுங்கும் தாளைப் படமெடுத்த பின்னரே அப்புறப்படுத்தட்டும். இதற்கெல்லாம் பணமேது என்பார்கள். எடைக்குப் போட்டதில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள், தோழர்களே!