ஓடைக்கு ஒரு சின்னம்

ஒரு படிமம் பொய் சொல்கிறதா என்று கவிதையிடம் கேட்கிறோம். கடைப் பலகையிடமோ, தபால் முத்திரையிடமோ, கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் பொட்டு மாதிரி கிடக்கும் குறிகளிடமோ கேட்பதில்லை. அவை விளம்பரக்காரர்கள் சமாச்சாரம் என்று ஓர் அலட்சியம். நம் காலத்தில் மிக அதிகமான தடவை பார்க்கப்படும் சித்திரங்கள் இந்தக் குறிகள்தாம். அந்த ஒரு காரணத்துக்காகவாவது அவற்றிடமும் கேட்டாக வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது, இணையதளங்களின் ஓரத்தில் ஒரு காலத்தில் தவறாமல் உட்கார்ந்திருந்த ஆரஞ்சு நிறச் சதுரம். இடது கீழ் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி, வலது மேல்புறம் நோக்கி, இரண்டு வெள்ளை வில்கள். அவ்வளவுதான். அதைத் தட்டி முகவரியை எடுத்துக்கொண்டால் நீங்கள் அந்தத் தளத்துக்குச் சந்தாதாரர். பெயர் வேண்டாம், விலாசம் வேண்டாம், மணியார்டர் வேண்டாம். நீங்கள் சந்தாதாரர் ஆனது ஆசிரியருக்கே தெரியாது. புதிதாக எது எழுதப்பட்டாலும் உங்களிடம் வந்து சேரும். இந்த ஏற்பாடு 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆரம்பித்தது. ஆர்.எஸ்.எஸ். என்பது அதன் பெயர் (நம் ஊரில் சத்தமாகச் சொன்னால் வேறு ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்).

முதலில் சித்திரம் கிடையாது. ஆரஞ்சுப் பட்டையில் எக்ஸ்.எம்.எல். என்ற மூன்று எழுத்துகள் மட்டும். பட்டறையில் புழங்கும் பெயரைக் கடை வாசலில் எழுதி வைத்த மாதிரி. புள்ளியும் வில்லும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக ஸ்டீபன் ஹார்லாண்டர் வரைந்தவை. 2005 டிசம்பரில் மைக்ரோஸாஃப்ட், தன் போட்டியாளனுடைய இந்தச் சின்னத்தையே தானும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. 2006 பிப்ரவரியில் ஓபரா. வியாபார உலகத்தில் இது அபூர்வமான காரியம். ஒரு குறி யாருடையதும் அல்லாமல் எல்லோருடையதும் ஆனது. பழைய ஆஸ்பத்திரிச் சுவர்களில் மங்கிக் கிடக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தை எனக்கு அது நினைவூட்டுகிறது. அதை வரைந்த பெயிண்டர்கள், நான் பார்த்தவரை, தங்கள் கைவரிசையைக் காட்டும் இடமாக அந்த முக்கோணத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆரஞ்சுச் சதுரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பொதுவானதாக ஆன மறு வருஷமே அலங்காரக்காரர்கள் வந்துவிட்டார்கள். காப்பிக் கோப்பையில் புள்ளியும் வில்லும்; மரப்பலகையில் செதுக்கினாற்போல; கசங்கிய காகிதத்தில் கிறுக்கினாற்போல; தபால் பெட்டி மேல்; கண்ணாடி உருண்டைக்குள். இலவசமாக அள்ளிக்கொள்ளலாம், கட்டுக்கட்டாக. இதற்குப் படைப்பாற்றல் என்று பெயர் வைத்தார்கள். பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில், ஒரு சேலைக் கரைப் பூவை கிராப் தாளில் அடக்குகிற மாதிரி அடங்க வேண்டிய ஒரு குறி, உள்ளங்கை அகலத்துக்கு ஊதிப் பளபளத்தது. ஜீன்ஸ் துணியில் தைத்த ஒட்டுப் போலச் செய்த ஒன்றைப் பார்த்தேன். தையலின் நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. ஆனால் அந்த வில்லை அந்தத் திசையில் எந்தத் தையல்காரனும் தைக்கமாட்டான். துணியைத் தொட்டே பார்க்காதவனுடைய துணி அது. நம் கவிதையில் கிராமத்தைப் பார்க்காமலே கிராமப் படிமம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ஜாதி.

அலங்காரத்தைக் கண்டிப்பது சுலபம். அலங்காரக்காரர்களில் ஒருவருக்குக்கூட மூலச் சித்திரத்தின் மேலேயே சந்தேகம் வரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். புள்ளியும் வில்லும் எதைச் சொல்கின்றன? வானொலிக் கோபுரத்தை. ஒரு மையம், அதிலிருந்து அலை கிளம்பி எல்லோர் மேலும் விழுகிறது. நடப்பது அதுவல்ல. தளம் எதையும் அனுப்புவதில்லை. தன் ஓடையைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. வாசகனிடம் இருக்கும் கருவிதான் அரைமணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை போய்க் கதவைத் தட்டி, புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கிறது. இல்லையென்றால் 304 என்று ஒரு எண் பதிலாக வரும். மாறவில்லை என்று அர்த்தம். போன காரியம் முடிந்தது, திரும்பிவிடுகிறது. பிறகு மறுபடியும் போகிறது. வருவது போல நமக்குத் தோன்றுவதெல்லாம் நாம் போய் எடுத்து வந்தது.

ஆக, செயல் முழுக்க வாசகனுடையது. சித்திரம் முழுக்க ஆசிரியனுடையது. அந்தச் சின்னத்தில் வாசகனுக்கு இடமே இல்லை. காப்பிக் கோப்பையிலும் மரப்பலகையிலும் இந்தப் பொய்தான் திரும்பத் திரும்ப மெருகேறியது.

திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது எளிதில் விளங்கும். நிட்டிங் மெஷினில் நூல் கொடுக்கும் இடத்துக்குப் பீடர் என்று பெயர். இதே ஆங்கிலச் சொல்தான் அங்கும். ஆனால் மேலே நிற்கும் கோன் நூலைத் தள்ளிவிடுவதில்லை. கொக்கி வைத்த ஊசி நூலைப் பிடித்து இழுத்துக் கண்ணியாக்குகிறது. ஊசி இழுக்காவிட்டால் கோன் நாள் முழுக்க நின்றபடி இருக்கும். (நூலை அளந்து கொடுக்க மெஷினில் பெல்ட் வைத்த பின் கதை வேறு. எவ்வளவு நூல் என்பதை ஊசி தீர்மானிப்பதில்லை. இன்றைக்கு ஃபேஸ்புக் நமக்கு அளந்து கொடுப்பது இந்த இரண்டாவது வகை.)

தமிழில் இதற்கு அமைந்த சொற்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் தீனி போடுவதற்கு உள்ள சொல்லை நம் வலைப்பதிவர்கள் செய்தியோடை என்றார்கள். வாசகர் கருத்துக்குப் பின்னூட்டம் என்று ஆங்கிலத்தை ஒட்டியே பெயர் வைத்தவர்கள், இங்கே ஊட்டுவதை விட்டுவிட்டு ஓடைக்குப் போனார்கள். திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, சரியாகச் செய்தார்கள். ஓடை யாருக்கும் ஊட்டுவதில்லை. யார் மொண்டார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. பல ஓடைகளை ஒரே இடத்தில் கூட்டிய தமிழ்மணம் 2004இல் வந்தபோது அதற்குத் திரட்டி என்று பெயர். திரட்டுவது வாசகன் பக்கத்து வினை. சொல்லில் இவ்வளவு தெளிவு இருந்தும் அதே பதிவுகளின் ஓரத்தில் இரவல் காப்பிக் கோப்பை உட்கார்ந்திருந்தது. ஒரு ஓடையை, ஒரு மொண்டெடுக்கும் கையை, யாரும் வரைந்து நான் பார்க்கவில்லை. எழுத்தையே சின்னமாக்கி ‘கசடதபற’, ‘அஃ’, ‘ழ’ என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்த ஒரு மரபு நமக்கு இருக்கிறது என்பதால் இந்தச் சோம்பேறித்தனம் கூடுதலாக உறுத்துகிறது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். தான் செய்வது என்ன என்று அறியாத வாசகனிடமிருந்து அதைப் பிடுங்குவது சுலபம். கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டது. சின்னத்தைப் பெற்றெடுத்த ஃபயர்ஃபாக்ஸே 2018 டிசம்பரில் ஓடை படிக்கும் வசதியை எடுத்துவிட்டது. சதுரம் இருந்த இடத்தில் இன்று மணி. யூட்யூபில் அதைத் தட்டச் சொல்லி ஒவ்வொருவரும் கெஞ்சுகிறார்கள். மணி தன் மட்டில் பொய் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் அடிப்பான், நாம் ஓடவேண்டும். ஆரஞ்சுச் சதுரம் மறைமுகமாகச் சொன்னதை இது வெளிப்படையாகச் சொல்கிறது. பத்து வருஷம் வானொலிக் கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மணி அந்நியமாகப் படவில்லை.

ஓடைகள் வற்றிவிடவில்லை. வேர்ட்பிரஸில் நடக்கும் தளங்கள் கேட்காமலே ஓடையைத் தயாரித்து வைக்கின்றன. பாட்காஸ்டுகள் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. வாசலில் குறி இல்லை, அவ்வளவே.

இதையெல்லாம் ஓவியம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் சொல்லி, வாசகன் போய் எடுத்து வருவதைப் பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் வரைய முடியுமா என்று கேட்டேன். கிராப் தாள் எடுத்து நாலைந்து போட்டுப் பார்த்தார். வில்லைத் திருப்பிப் போட்டால் காது மாதிரி ஆகிவிட்டது. அம்பு போட்டால் டவுன்லோடு. கை போட்டால் பிச்சை கேட்பது போல இருந்தது. கடைசியில் புள்ளியை மையத்திலிருந்து எடுத்து வில்லுக்கு வெளியே, வலது மேல் ஓரத்தில் வைத்தார். அது சுமாராக இருக்கிறது. அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது.