சோதனைத் திரைப்படமும் புதிய பார்வையாளரும்: மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்

மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன் (1943) மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹாமிடும் இணைந்து உருவாக்கிய கறுப்பு வெள்ளைக் குறும்படம். ஏறத்தாழ 14 நிமிடம் ஓடுவது. அமெரிக்கச் சோதனைத் திரைப்பட இயக்கத்தின் முன்னோடிப் படமாகக் கருதப்படுகிறது. இந்த வகைப் படங்களை முதன்முதலாகப் பார்க்க வருபவர் தொடங்குவதற்கு ஏற்ற படமும் இதுவே.

எந்தப் படத்தில் தொடங்குவது என்பது சிறிய விஷயம் அல்ல. மைக்கேல் ஸ்னோவின் வேவ்லெங்த் (1967) படத்தில் கேமரா ஓர் அறையின் ஒரு முனையிலிருந்து எதிர்ச்சுவரில் உள்ள கடல் அலைப் புகைப்படத்தை 45 நிமிட நேரம் நெருங்கிச் செல்கிறது. ஸ்டான் பிராக்கேஜின் மாத்லைட் (1963) கேமரா இல்லாமலே செய்யப்பட்டது. அந்துப்பூச்சியின் இறகுகளையும் இலைத்துணுக்குகளையும் ஒளிபுகும் நாடாக்களுக்கு இடையே ஒட்டிப் பிரதி எடுத்தார் அவர். இரண்டும் பெரிய சாதனைகள். ஆனால் கதைப்படம் மட்டுமே பார்த்துப் பழகிய மாணவரிடம் முதல் நாளே வேவ்லெங்த் படத்தைக் கொடுத்தால், பத்தாவது நிமிடத்தில் அவர் எழுந்து போய்விடுவார். பலர் அதன்பின் இந்தப் பக்கமே திரும்புவதில்லை. டெரனின் படம் கதையைப் போன்ற ஒன்றைக் கையில் கொடுத்து உள்ளே அழைத்துச் செல்கிறது. அதன்பிறகே கதையைக் கலைக்கிறது.

பின்னணி

டெரன் 1917-இல் கீவ் நகரில் பிறந்தார். இயற்பெயர் எலியனோரா. 1922-இல் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயின்ற அவர், நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹாமிடம் செயலாளராகப் பணியாற்றினார். ஹாமிட் செக் நாட்டிலிருந்து வந்த புகைப்படக் கலைஞர். அங்கேயே சோதனைப் படம் எடுத்தவர். இருவரும் 1942-இல் திருமணம் செய்துகொண்டனர். தந்தை விட்டுச்சென்ற பணத்தில் டெரன் ஒரு 16 மி.மீ. போலெக்ஸ் கேமராவை வாங்கினார். லாஸ் ஏஞ்சலஸில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே இருவரும் படம்பிடித்தனர், இருவருமே நடித்தனர். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் சில மைல் தொலைவில்தான் இருந்தன. மாயா என்ற பெயரை டெரன் சூட்டிக்கொண்டதும் 1943-இல்தான். பொருத்தமான பெயர்.

படத்தின் அமைப்பு

ஒரு பெண் சாலையில் கிடக்கும் பூவை எடுக்கிறாள். வளைவில் யாரோ போவது தெரிகிறது. படியேறி வீட்டுக் கதவைத் திறக்க முயலும்போது சாவி கைதவறிப் படிகளில் துள்ளி உருள்கிறது. உள்ளே ரொட்டி, கத்தி, எடுத்து வைக்கப்பட்ட தொலைபேசி, ஆளில்லாமல் சுழலும் இசைத்தட்டு. அவள் சன்னலருகே நாற்காலியில் அமர்ந்து தூங்கிப்போகிறாள். இதுவரை அவளுடைய நிழலையும் கைகால்களையும்தான் பார்த்திருக்கிறோம். முழு முகம் கனவுக்குள் நுழைந்த பிறகே காட்டப்படுகிறது.

கனவில் அதே வருகை திரும்பத் திரும்ப நிகழ்கிறது. கறுப்பு அங்கி அணிந்த உருவம் ஒன்று பூவுடன் முன்னே செல்கிறது. அதற்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. அவள் ஓடியும் அதைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பொருள்கள் இடம் மாறுகின்றன. சாவி அவள் வாயிலிருந்து வருகிறது, பிறகு கத்தியாகிறது. ஒரே மேசையைச் சுற்றி அவளே மூவராக அமர்கிறாள்.

மூவரில் ஒருத்தி கத்தியுடன் எழுந்து, தூங்கிக்கொண்டிருக்கும் தன்னை நோக்கி நடக்கிறாள். இங்கே பார்வையாளர் விழித்திருக்க வேண்டும். திரையில் பாதம் மட்டும் தெரிகிறது. அது கடற்கரை மணலில் ஊன்றுகிறது. அடுத்த அடி புல்லில், அதற்கடுத்தது நடைபாதையில், பின்னர் அறையின் கம்பளத்தில். சில நொடிகளே ஓடும் காட்சி. மேசையிலிருந்து நாற்காலிக்கு நான்கு எட்டு இருக்குமா? அந்தத் தூரத்துக்குள் கடலும் நிலமும் நகரமும் அடங்கிவிடுகின்றன. இதற்குத் தந்திரக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. வெவ்வேறு இடங்களில் எடுத்த ஷாட்டுகளைக் காலின் அசைவு அறுபடாமல் ஒட்டியதால் கிடைத்த விளைவு இது. நாடகமேடையில் இதைச் செய்ய முடியாது. எழுத்தில் சொல்லலாம், ஆனால் கண்ணால் காண வைக்க முடியாது.

விமர்சனம்

இப்படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதி பதவுரை வகையைச் சேர்ந்தது. சாவி என்றால் இது, கத்தி என்றால் அது, கண்ணாடி முகம் என்றால் மரணம் என்று சொல்லுக்குச் சொல் பொருள் எழுதும் முறை. உளப்பகுப்பாய்வு கொண்டு படத்தை விளக்குவதை டெரன் ஏற்கவில்லை. சர்ரியலிசத்துடன் தன்னைச் சேர்ப்பதையும் மறுத்தார். எனினும் பதவுரைக்காரர்கள் மீது மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. படத்தின் முடிவே அவர்களை அழைக்கிறது. அவள் கத்தியை வீச, கணவனின் முகம் கண்ணாடியாக உடைந்து, துண்டுகள் கடற்கரையில் விழுகின்றன. பிறகு அவன் வீட்டுக்குள் வந்து பார்க்கும்போது, அவள் கண்ணாடித் துண்டுகளுடன் நாற்காலியில் இறந்து கிடக்கிறாள். அதுவரை எளிதாக மிதந்துவந்த படம், இந்த இடத்தில் விடை கேட்கும் விடுகதையாகச் சுருங்கிவிடுகிறது. படத்தின் பலவீனமான பகுதி இது.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு தவறான அறிவுரை உண்டு: பொருள் எதுவும் தேடாதே, உணர்ந்தால் போதும் என்பது. கேட்க இதமாக இருக்கும். ஆனால் எதைக் கவனிப்பது என்று தெரியாதவரை அது வெறுங்கையுடன் அனுப்பிவிடுகிறது. அடுத்த ஷாட் எந்த இடத்தில் தொடங்கியது, எந்த அசைவு இரண்டையும் இணைத்தது, திரும்பி வந்த பொருள் எப்படி மாறியிருக்கிறது ஆகிய மூன்றைக் கவனித்தால் இப்படத்தில் பெரும்பகுதி பிடிபடும்.

இசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படம் ஒலியின்றியே எடுக்கப்பட்டது. டெய்ஜி இடோவின் இசை 1959-இல்தான் சேர்க்கப்பட்டது. சிறந்த இசைதான், ஆனால் எங்கே அஞ்ச வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. அப்போது வெட்டுகளின் தாளம் தனித்துத் தெரியும்.

படம் யாருடையது என்ற விவாதமும் தொடர்கிறது. கேமராவைப் பெரும்பாலும் இயக்கியவர் ஹாமிட். ஒளியமைப்பிலும் கோணங்களிலும் அவரது அனுபவம் தெரிகிறது. ஆனால் அந்தப் பாதத்தின் நடையை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த படங்களுக்குச் சென்றவர் டெரன். அட் லேண்ட் (1944) படத்தில் கடற்கரையிலிருந்து ஊர்ந்துவரும் பெண் நேராக விருந்து மேசைமீது ஏறுகிறாள். எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா (1945) படத்தில் நடனக் கலைஞர் டாலி பீட்டி காட்டில் தூக்கிய காலை ஓர் அறைக்குள் இறக்குகிறார். அதில் கத்தியும் இல்லை, மரணமும் இல்லை. மூன்று நிமிடத்துக்குள் முடியும் அந்தப் படம், பதவுரைக்கு இடமே தராமல் முந்தைய படத்தின் சிறந்த நொடிகளை மட்டும் வளர்த்தெடுத்தது.

தாக்கம்

1946-இல் டெரன் நியூயார்க்கின் புரொவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் அரங்கை வாடகைக்கு எடுத்துத் தன் மூன்று படங்களையும் தாமே திரையிட்டார். அவ்வாண்டே கக்கன்ஹைம் நல்கை பெற்றார். அவரது முயற்சியால் தூண்டப்பட்ட ஆமோஸ் வோகல் 1947-இல் சினிமா 16 என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். டெரன் 1961-இல் காலமானார். 1990-இல் இப்படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

டெரனுக்குப் பின் காணொளிக் கலைக்குச் செல்ல விரும்புபவர் ஜோன் ஜோனாஸின் வெர்டிகல் ரோல் (1972) படைப்பைப் பார்க்கலாம். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் படம் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் உருளும் கோளாறு இருந்ததே, அதையே ஜோனாஸ் படைப்பின் அடிப்படையாக்கினார். சட்டகம் உருளும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி ஓசை கேட்கிறது, உடல் துண்டுதுண்டாகத் தெரிகிறது. சுமார் 20 நிமிடம் ஓடும் இதைப் பார்க்கச் சற்றுப் பொறுமை வேண்டும். மணலிலிருந்து கம்பளத்துக்கு வந்த பாதத்தைக் கவனித்தவருக்கு அந்தப் பொறுமை இருக்கும்.