சாண்டிநல்லாவின் மகரந்தம்

ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா சதுப்பின் கருமண், அடியில் 40,000 ஆண்டு வயதைத் தொடுகிறது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து அமிலங்களில் கரைத்தால் மணல் போகும், மக்கிய இலை போகும். மகரந்தத்தின் மேலோடு மட்டும் நிற்கும். ஸ்போரோபொலெனின் என்ற அந்தப் பொருளின் உறுதியை எவ்வளவு வியந்தாலும் தகும்.

நுண்ணோக்கியில் அவற்றைப் பார்க்க வேண்டும்! புல்லின் துகள் வழுவழுப்பான உருண்டை. ஒரே துளை, அதைச் சுற்றிச் சின்ன வளையம். செம்பருத்திக்கு உடம்பெல்லாம் முள். பைனுக்கு இருபுறமும் காற்றுப்பை. தென்னிந்தியாவுக்கு பைன் சொந்த மரமல்ல. நீலகிரி மண்ணில் அது நிறையத் தென்பட்டால் வெள்ளைக்காரர் வருகைக்குப் பிந்தைய அடுக்கு என்று கொள்ளலாம்.

துகள்களை அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கில் எண்ணி வரைபடமாக்கும் முறையை 1916-இல் சுவீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் காட்டினார். துகளை அடையாளம் காண இன்றைய செடிகளின் மகரந்தமும் கையில் வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அப்படியொரு பெரும் சேகரிப்பைக் காத்துவருகிறது. பொறுமையான, அருமையான வேலை.

சோலையை மனிதர் அழித்ததால்தான் நீலகிரியில் புல்வெளி வந்தது என்ற வாதம் இந்த மண்ணின் முன் நிற்கவில்லை. மனிதர் காடழிக்கும் முன்பே அங்கே புல் இருந்தது. எந்தப் புல் என்று மட்டும் மகரந்தம் சொல்லாது, எல்லாம் ஒரே முகம். அதற்குக் கரிம ஐசோடோப்பு துணைக்கு வருகிறது: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பருவமழை மெலிந்திருந்த காலத்தில், வறட்சி தாங்கும் புல்வகைகளே அங்கே ஓங்கியிருந்தன.