ஏற்பும் மறுப்பும்: நிப்ஸ் 2014 மாநாட்டு மதிப்பீட்டுச் சோதனை – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஓர் ஆய்வுக்கட்டுரையின் தகுதியை அறுதியிடுவோர் யார், அவர்தம் தீர்ப்பு எந்த அளவிற்கு உறுதியானது என்னும் வினா எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. அவ்வினாவைக் கணிப்பொறி அறிவியல் துறையினர் எண்ணிக்கை கொண்டு சோதித்துப் பார்த்துள்ளனர். 2014 திசம்பரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடைபெற்ற நிப்ஸ் மாநாட்டிற்கு வந்த கட்டுரைகளைக் கொண்டு அச்சோதனை நிகழ்ந்தது. எந்திரக் கற்றல் ஆய்வில் முதன்மையாகக் கருதப்படும் இம்மாநாடு 2018 முதல் நியூரிப்ஸ் என வழங்கப்படுகிறது. அச்சோதனையின் முடிவுகள் உணர்த்துவன எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாநாட்டுக் கட்டுரையின் இடம்

கருத்தரங்கக் கட்டுரையினும் ஆய்விதழ்க் கட்டுரையே உயர்ந்தது என்பது பல துறைகளின் வழக்கு. கணிப்பொறி அறிவியலின் பல பிரிவுகளில் இந்நிலை வேறுபடுகிறது. அங்கு மாநாட்டுக் கட்டுரையே இறுதிப் படைப்பாகக் கொள்ளப்படுகிறது. குறித்த நாளுக்குள், குறித்த பக்க எல்லைக்குள், ஆசிரியர் பெயரை மறைத்து முழுக் கட்டுரையும் அனுப்பப்பெறுதல் வேண்டும். மதிப்பீட்டாளர் சிலர் அதனைப் படித்து மதிப்பெண்ணும் கருத்துரையும் வழங்குவர். ஆசிரியர் அவற்றிற்கு ஒருமுறை விடையிறுக்கலாம். பின்னர் ஏற்பு அல்லது மறுப்பு அறிவிக்கப்படும். முனைவர் பட்ட மாணவரின் வேலைவாய்ப்பு இவ்வொற்றைச் சொல்லைச் சார்ந்து நிற்பதும் உண்டு. எனவே அச்சொல்லின் உறுதிப்பாட்டை ஆராய்வது இன்றியமையாததாகிறது.

சோதனையும் முடிவும்

அவ்வாண்டின் நிகழ்ச்சிக்குழுத் தலைவர்களான கொரின்னா கார்ட்டெசும் நீல் லாரன்சும் வந்திருந்த 1678 கட்டுரைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத் தற்போக்கில் தெரிந்தெடுத்தனர். அவற்றுள் 166 கட்டுரைகளை ஒன்றையொன்று அறியாத இரு குழுக்கள் தனித்தனியே மதிப்பிட்டன. இரு குழுக்களும் ஏற்றவை 22. இரு குழுக்களும் மறுத்தவை 101. ஒரு குழு ஏற்க மறுகுழு மறுத்தவை 43. அதாவது, ஒரு குழு ஏற்றவற்றில் ஏறத்தாழச் செம்பாதியை மற்றொரு குழு மறுத்துள்ளது.

இம்முடிவை மதிப்பீட்டு முறையின் முழுத் தோல்வியாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. இரு குழுக்களும் அதே எண்ணிக்கையிலான கட்டுரைகளைத் திருவுளச்சீட்டால் தேர்ந்திருப்பின், இருவரும் ஒருசேர ஏற்றவை ஏறத்தாழ 11 மட்டுமே இருந்திருக்கும். உண்மையில் 22 என்பதால் மதிப்பீட்டாளரின் அறிவு செயற்பட்டிருப்பது தெளிவு. அதே வேளையில், 101 கட்டுரைகளை இருவரும் மறுத்தமை கண்டு மறுப்பில் ஐயமில்லை என முடிவுகட்டுதலும் தவறு. பெரும்பாலான கட்டுரைகள் மறுக்கப்படும் சூழலில், சீட்டுக் குலுக்கினும் ஏறத்தாழ 90 கட்டுரைகள் இருவராலும் மறுக்கப்பட்டிருக்கும்.

2021இல் நியூரிப்ஸ் அமைப்பினர் 882 கட்டுரைகளைக் கொண்டு இச்சோதனையை மீண்டும் நடத்தினர். அப்போதும் ஏறத்தாழ 23 விழுக்காட்டுக் கட்டுரைகளில் குழுக்கள் முரண்பட்டன. எனவே முரண்பாடு ஓராண்டின் குறையன்று, முறையிலேயே அமைந்தது எனலாம்.

மேற்கோள் எண்ணிக்கை என்னும் அளவை

2021இல் கார்ட்டெசும் லாரன்சும் தம் பழைய சோதனையை மீள்பார்வை செய்து கட்டுரை வெளியிட்டனர். ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பீட்டாளர் அளித்த மதிப்பெண்ணுக்கும் அவை பின்னர்ப் பெற்ற மேற்கோள் எண்ணிக்கைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பது அவர்தம் முடிவுகளுள் ஒன்று. குறைபாடுடையவற்றை விலக்குவதில் பயன்படும் இம்முறை, சிறந்தவற்றை இனங்காண்பதில் தடுமாறுகிறது என அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்புடையதே. ஆயினும், மேற்கோள் எண்ணிக்கை தரத்திற்கு நேர் அளவையாகாது. பொருளின் நடப்பு வழக்கும் ஆசிரியரின் புகழும் அவ்வெண்ணிக்கையைக் கூட்டும். ஓர் அளவையின் பிழையை மற்றோர் ஐயத்திற்குரிய அளவையால் முற்றும் நிறுவ இயலாது.

காரணிகனும் காரணமும்

இச்சிக்கல் தமிழ் மரபு அறியாததன்று. இறையனார் அகப்பொருளுக்குப் புலவர் பலரும் உரை கண்டபோது, அவற்றுள் மெய்யுரை எது என்பதில் உடன்பாடு எட்டவில்லை. உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன் காரணிகனாக அமர்த்தப்பட்டான். நக்கீரர் உரை கேட்டு அவன் மெய்சிலிர்த்துக் கண்ணீர் சொரிந்தான் என்பது அந்நூலுரை தரும் வரலாறு. அங்குத் தீர்ப்பு உண்டு; காரணம் கூறப்படவில்லை. தெய்வத்தன்மை வாய்ந்த காரணிகனிடம் எவரும் காரணம் வேண்டார். மனிதராகிய மதிப்பீட்டாளர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்தம் தீர்ப்பு மாறக்கூடியது எனச் சோதனை காட்டிவிட்ட நிலையில், அவர் கூறும் காரணமே கட்டுரையாளர்க்கு எஞ்சும் பயனாகும். மறுக்கப்பட்ட கட்டுரை திருத்தம் பெறுவது மதிப்பெண்ணாலன்று, கருத்துரையாலேயாம்.

முடிவுரை

தெளிவாகச் சிறந்தவற்றிற்கும் தெளிவாகக் குறையுடையவற்றிற்கும் இடைப்பட்ட கட்டுரைகளின் ஏற்பும் மறுப்பும் பெரிதும் வாய்ப்பைச் சார்ந்தவை என்பதை இவ்விரு சோதனைகளும் உணர்த்துகின்றன. ஆதலின் ஒரு மறுப்பைக் கொண்டு இளம் ஆய்வாளரின் தகுதியை எடைபோடுதல் முறையன்று. தமிழாய்விதழ்களும் வல்லுநர் மதிப்பீட்டை மேற்கொண்டுவரும் இந்நாளில், ஏற்பு, மறுப்பு என்னும் முடிவோடு அமையாது, காரணம் விளக்கும் கருத்துரையை ஆசிரியர்க்குத் தவறாது அனுப்புதல் வேண்டும். தம் மதிப்பீட்டு முறையையே ஆய்வுக்கு உட்படுத்திப் பிழையை வெளிப்படுத்திய கணிப்பொறி அறிவியலாரின் துணிவும் பின்பற்றத்தக்கதே.