சூட்டில் நிற்கும் வண்டி

காலையில் ஒரே கிக்கில் கிளம்பிவிடும். திருச்சி பாலக்கரையில் ஏறி உட்கார்ந்தால் காவிரிப் பாலம் தாண்டும்வரை ஒரு குறை சொல்ல முடியாது. நம்பர் 1 டோல்கேட் நெருங்கும்போது நின்றுவிடும். கால் மணி நேரம் நிழலில் விட்டால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். என் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி இரண்டு மாதம் இப்படி ஆட்டம் காட்டியது. மூன்று பட்டறை ஏறி இறங்கினேன். கார்புரேட்டரைக் கழுவினார்கள், பிளக்கை மாற்றினார்கள், இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார் ஒருவர். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும். ஆறிய வண்டியில் அந்தக் கோளாறு இருக்காது. இல்லாத கோளாறை யார் பார்ப்பது?

நான்காவதாகப் போனது வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த பாயிடம். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை.

“நிக்கிறப்ப எப்படி நிக்குது சார்? சாவியத் திருப்பின மாதிரி டக்குனு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா?”

மெக்கானிக் தொழிலில் நான் மிகவும் ரசித்தது இந்தக் கேள்வியைத்தான். டக்கென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கத் தொய்ந்துபோய், இரண்டு தடவை முக்கி நின்றால் பெட்ரோல் சரியாக வரவில்லை. ரோட்டில் நன்றாக ஓடிவிட்டு, சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்தால் ஸ்லோ ஜெட்டையும் டேப்பட்டையும் பார்க்க வேண்டும். டேப்பட் விஷயம் தனி அழகு. நம் 100 சிசி வண்டிகள் பலவற்றில் வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 0.05 மில்லிமீட்டர்தான். அதையும் இறுக்கி வைத்துவிட்டால், சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் போகும், கம்ப்ரெஷன் ஒழுகிவிடும். அதனால் டேப்பட் லேசாகத் தட்டுகிற வண்டியைப் பார்த்து நல்ல மெக்கானிக் பதறுவதில்லை. சத்தமே இல்லாத வண்டியிடம்தான் அவருக்குச் சந்தேகம்.

நினைவைக் கிண்டிப் பார்த்தேன். “டக்குனுதான் பாய். அதுக்கு முன்னாடி சைலன்சர்ல ஒரு தடவை வெடிக்கும்.”

தலையை ஆட்டினார். பிளக் ஸ்பேனர், குறடு, ஸ்க்ரூ டிரைவர், ஒரு பாட்டில் தண்ணீர், ஒயர் தொங்கும் பழைய கண்டென்சர் ஒன்று, கொஞ்சம் பழந்துணி. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் பின்னால். “நிக்கட்டும் சார். நின்னாத்தான் தெரியும்.”

டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் நின்றது. இனி வண்டி ஆறுவதற்குள் பார்த்தாக வேண்டும். இறங்கிய கையோடு டேங்க் மூடியைத் திறந்து காதைக் கிட்டே கொண்டுபோனார். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் தடைப்படும். திறந்ததும் ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போகும். சத்தம் இல்லை. அடுத்து பிளக். துணியால் பிடித்துக் கழற்றினார். முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இது சரியான கலவை. அதை இன்ஜின் மேல் ஒட்டவைத்து கிக்கரை உதைத்தார். மெலிந்த மஞ்சள் பொறி. டேங்குக்கு அடியில் இருக்கும் காயில் மேல் ஈரத் துணியைச் சுற்றினார். சூட்டில் கம்பிச்சுற்று விட்டுப்போகிற காயில் என்றால் குளிர்ந்ததும் உயிர் வரும். வரவில்லை.

காயிலின் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சான பாயின்ட்டின் மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி உதைத்தார். பிளக்கில் வரவேண்டிய வெளிச்சம் அங்கே பளீரென்று அடித்தது.

“இங்கயே இவ்ளோ அடிச்சா அங்க என்ன போவும்?”

பாயின்ட் திறக்கும் நொடியில் அங்கே தாவப் பார்க்கும் கரண்டை உள்வாங்கிக்கொள்வது கண்டென்சரின் வேலை. அது வாங்கிக்கொண்டால்தான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்குக்குப் பல்லாயிரம் வோல்ட் போகும். உள்ளே சுருட்டி வைத்த தகட்டுக்கு நடுவிலுள்ள காப்பு வயதாகிவிட்டால், சூட்டில் கசியும். குளிர்ந்தால் தேறிவிடும். பாய் வண்டியிலிருந்த கண்டென்சரின் ஒயரைக் கழற்றி, பையிலிருந்ததை மாட்டி, அதன் உடம்பைக் குறடால் இன்ஜினோடு அழுத்திப் பிடித்தார். பிளக்கைப் போட்டு, கொதிக்கிற வண்டியை நான் உதைத்தேன். ஒரே கிக்.

அவர் பார்த்த வரிசை பிறகுதான் எனக்குப் புரிந்தது. எந்தத் தடயம் முதலில் மறையுமோ அது முதலில். டேங்க் வெற்றிடம் தானாகக் கசிந்துவிடும். சூட்டில் பிரிந்த கம்பி ஆறியதும் சேர்ந்துவிடும். கருகிய பாயின்ட் எங்கும் போகாது, நாளைக்கும் பார்க்கலாம். இன்ஜினை இறக்கிப் பூட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வித்தையாகப் படுவது, எதையும் இறக்காமல் ஒன்று கழித்து ஒன்றாக வந்து சேர்வது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. பாயின்ட் அதற்கு முன்பே போய்விட்டது. இப்போது சூடு காட்டும் சென்சார் தவறாகச் சொன்னால், வண்டி இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். சூட்டில் வண்டி அடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்கேனர் சில சமயம் காட்டிக்கொடுக்கும், சில சமயம் ஒன்றும் சொல்லாது. அப்போது எப்படி நிற்கிறது என்று கேட்கிற ஆள் வேண்டியிருக்கிறது.

அன்று பட்டறைக்குத் திரும்பியதும் பாய் புதுக் கண்டென்சர் போட்டு, பாயின்ட்டைத் தேய்த்து, கேஜ் வைத்து இடைவெளி பார்த்தார். பிறகு காற்று படாமல் வெயிலிலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டார். ஸ்லோ ஸ்பீடு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணும்படி விழுகிற இடத்தில் கையை எடுத்தார்.

“இப்ப நிறுத்துங்க சார். நிறுத்திட்டு உடனே அடிங்க.”

அடித்தேன்.