பழைய வீட்டுக்குப் புது வாடகை

வருஷா வருஷம் 'கால் ஆஃப் டியூட்டி' வரும்போது எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே கேள்விதான்: "மச்சி, வாங்கலாமா வேணாமா?" 2023 நவம்பரில் 'மாடர்ன் வார்ஃபேர் 3' வந்தபோது முழு விலை கொடுத்து வாங்கினேன். அமெரிக்காவில் அது 70 டாலர். அதற்கு முந்தைய வருஷம்தான் இரண்டாம் பாகத்துக்கும் முழு விலை அழுதிருந்தேன்.

தனியாள் கதை நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 2007இல் வந்த நான்காம் விளையாட்டில், பிரிப்யாட்டின் புல்லுக்குள் மெக்மில்லனுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடப்போம். எதிரிப் படை நம்மைத் தாண்டி நடந்துபோகும். அந்தப் பயத்தை யாரோ உட்கார்ந்து அடி அடியாக அளந்து வைத்திருந்தார்கள். 2023இல் 'ஓப்பன் காம்பாட்' என்று ஒரு பெரிய இடத்தில் இறக்கிவிட்டு, "எப்படி வேணா முடிச்சுக்கோ" என்கிறார்கள். சாப்பிடக் கூப்பிட்டவர் சமைக்க நேரமில்லாமல் காய்கறியைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

சரி, கதைக்காக யார் வாங்குகிறார்கள்? ஆறுக்கு ஆறு ஆன்லைன் சண்டைக்குப் போனால், முதல் நாள் கிடைத்த 16 மேப்புகளும் 2009இல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2'இலிருந்து எடுத்துப் புதுப்பித்தவை. (2022இல் வந்ததற்கும் இதே பெயர்தான். பெயருக்குக்கூடப் பஞ்சம்.) ஹைரைஸை எடுத்துக்கொள்வோம். எதிரெதிரே இரண்டு அலுவலகக் கட்டடங்கள், நடுவில் ஹெலிபேட், கீழே சுரங்கவழி, மேலே கிரேன். எங்கே பதுங்கினாலும் ஏதோ ஒரு பக்கம் முதுகு திறந்தே இருக்கும். பதினாலு வருஷம் கழித்தும் அது சலிக்கவில்லை. என் சங்கடமே அதுதான். இதில் நான் அதிகம் ரசித்ததை இதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

நல்ல மாற்றங்களும் உண்டு. உயிர் அளவு 100லிருந்து 150 ஆனது. சைலன்ஸர் இல்லாமல் சுட்டால் மினிமேப்பில் சிவப்புப் புள்ளி மறுபடி தெரிந்தது. ஆனா அந்தச் சிவப்புப் புள்ளியை 2022 விளையாட்டிலேயே ஆட்கள் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். பழைய துப்பாக்கிகளைப் புதுசுக்குக் கொண்டுவர முடிகிறது என்றால், இந்தத் திருத்தங்களைப் பழசுக்கே கொடுத்திருக்கலாமே? சுமார் 16 மாதத்தில் அவசரமாக முடித்தது என்று புளூம்பெர்க் எழுதியது. பல வருஷ உழைப்பு என்று ஸ்லெட்ஜ்ஹாமர் தலைமை மறுத்தது. விளையாடிய எனக்கு அவசரம்தான் தெரிந்தது.

அப்புறம் ஏன் வாங்கினேன்? குழுவில் நாலு பேர் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். பழைய சர்வரை யாரும் மூடவில்லை, ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அங்கே தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. இலவச வார்ஸோன் 2020இலிருந்து இருக்கிறது, அங்கே சந்திக்கலாம்தான். ஹைரைஸில் ஆறு பேராக ஓடுவதற்கு அது ஈடாகாது. நான் கொடுத்த பணத்தில் பாதிக்குமேல் அந்த நாலு பேர் குரலைக் கேட்பதற்கான வாடகை. விளையாட்டுக்கு மட்டும் என்றால் தள்ளுபடி வரும்வரை காத்திருந்திருப்பேன். தனியாக ஆடுகிற யாருக்கும் அதையே சொல்வேன்.

2024 அக்டோபரில் 'பிளாக் ஆப்ஸ் 6' முதல் நாளிலேயே கேம் பாஸ் சந்தாவில் வந்தது. குழுவில் மறுபடியும் அதே கேள்வி. இந்தத் தடவை நான் விலையைப் பார்க்கவில்லை. "யார் யாருடா வர்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன்.